குழாய் மாற்றுவதற்கு முன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் புதுக் குழாய் போடுவது என்று முடிவானதும் எல்லோரும் நேராகக் கடைக்குத்தான் போகிறார்கள். அங்கே மாட்டி வைத்திருப்பதில் எதைத் திருப்பினாலும் நன்றாகத்தான் இருக்கும். குரோம் பளபளக்கும், கைப்பிடி வெண்ணெய் மாதிரி திரும்பும். சில ஷோரூம்களில் தண்ணீர் விட்டும் காட்டுவார்கள். அது மோட்டார் தள்ளும் தண்ணீர். மொட்டை மாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் அந்த வேகத்தில் வராது.

அதனால் கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது? அதில் உப்பு எவ்வளவு? எந்தக் குழாய் உங்கள் வீட்டில் பத்து வருடம் உழைக்கும், எது இரண்டே வருடத்தில் மானத்தை வாங்கும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. பிராண்டும் டிசைனும் அதற்கப்புறம்.

அழுத்தத்தைக் கணக்குப் போட மீட்டர் எதுவும் வேண்டாம். டேங்கின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்கள். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). தரைத்தளம் மட்டும் உள்ள தனிவீட்டில், மாடியில் சின்ன மேடை கட்டி டேங்க் வைத்திருந்தால், தரையிலிருந்து நீர்மட்டம் நாலரை மீட்டர் இருக்கும். சமையலறைக் குழாய் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் மீதி மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். ஷவர் இரண்டு மீட்டருக்கு மேல் இருப்பதால் அதற்கு இன்னும் குறைவு, கால் பார்தான். இது வளைவுகளிலும் பழைய பைப்பிலும் குறைவதைச் சேர்க்காத கணக்கு.

அடுக்குமாடியில் இது வீட்டுக்கு வீடு மாறும். நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் 1 பாருக்கு மேல் கிடைக்கும். அதே கட்டடத்தில், அதே டேங்கின் கீழே, மேல்மாடியில் இருப்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கீழ்வீட்டில் அருமையாக ஓடுகிறது என்று அதே மாடலை மேல்வீட்டில் வாங்கிப் போட்டால் நூலாகத்தான் ஒழுகும். குழாய் மேல் குற்றம் இல்லை.

உப்பைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். பழைய குழாயின் கழுத்தையும் வாயையும் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தால் அது உப்பு அதிகமுள்ள கடினநீர். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது என்கிறது. வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்கிறது. போர் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் இந்த மேல் எல்லையும் தாண்டிவிடுகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் இணைப்பு இருந்தாலும், சம்ப்பில் (தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில்) லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து ஏறுகிற வீடு என்றால் அதை உப்புத் தண்ணீர் வீடு என்றே கணக்கில் வையுங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சொட்டுகிற குழாய்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஒரு பாகத்தை மாற்றினால் போதும். பழைய திருகு வகையில் ரப்பர் வாஷர். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே திறக்கும் கால் திருப்பு வகையில், கைப்பிடியோடு திரும்பும் உள்தண்டான ஸ்பிண்டில். வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே கைப்பிடியில் கலக்கும் நெம்புகோல் மிக்சரில், அந்தக் கலப்பைச் செய்யும் உள்பாகமான கார்ட்ரிட்ஜ். வாஷர் சில ரூபாய்தான். ஸ்பிண்டில் நூற்றுக்கணக்கில் ஆகும், ஆனாலும் புதுக் குழாயில் பாதி விலை வராது. பழைய ஸ்பிண்டிலைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதன் பற்களின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். வாயால் சொல்லி வாங்க முடியாது.

மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மேல்பூச்சு உரிந்து பச்சை பூத்திருப்பது, உடம்பிலேயே விரிசல், மரை தேய்ந்து டெஃப்லான் (கசியாமல் இருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்) எவ்வளவு சுற்றினாலும் நிற்காமல் போவது, ஸ்பேர் கிடைக்காத பெயர் தெரியாத மாடல். இதில் ஒன்று இருந்தாலும் ரிப்பேருக்குச் செலவழிக்க வேண்டாம்.

எது செய்தாலும் சொட்டுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கால் மில்லி என்று வைத்தாலும் 21 லிட்டருக்கு மேல் போகிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தபோது சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த 21 லிட்டரின் மதிப்பு தெரியும்.

திருகுக் குழாயா, கால் திருப்பா?

பழைய திருகு வகையில் சுற்றச் சுற்ற ஸ்பிண்டில் இறங்கி, நுனியில் இருக்கும் வாஷரை ஓட்டையின் மேல் அழுத்துகிறது. கொஞ்சம் ஒழுகினால் இன்னும் முறுக்குவோம், முறுக்க முறுக்க வாஷர் நசுங்கும், அப்புறம் ஒழுக்கு அதிகமாகும். கால் திருப்பு வகையில் அப்படி வாஷரை அழுத்தி அடைப்பதே இல்லை. துளையுள்ள இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. துளைகள் ஒன்றாக வந்தால் தண்ணீர், விலகினால் நிறுத்தம். கைப்பிடியை 90 டிகிரி திருப்பினால் வேலை முடிந்தது. முறுக்குவதற்கு எதுவும் இல்லை என்பதே அதன் ஆயுளுக்குக் காரணம்.

வீட்டுக்குள் கால் திருப்பு வகையையே நான் சொல்வேன். இட்லி மாவு கையோடு இருக்கும்போது மணிக்கட்டால் தட்டித் திறக்கலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு உருண்டைக் குமிழைப் பிடித்துச் சுற்றுவது ஒவ்வொரு தடவையும் வேதனை. நீளமான கைப்பிடி அவர்களுக்குப் பெரிய உதவி. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேறு எந்தக் காரணமும் தேவையில்லை, இதற்காகவே மாற்றலாம்.

இதற்கும் எதிரி உண்டு, மணல். வில்லைகளுக்கு நடுவே ஒரு பொடி மணல் சிக்கினால் கீறல் விழுந்து ஒழுகத் தொடங்கும். போர் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அல்லது பைப் லைனில் இப்போதுதான் வேலை நடந்தது என்றால், புதுக் குழாயை மாட்டும் முன் லைனைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் வெளியேற விடுங்கள். உப்பு படிந்தால் கைப்பிடி இறுகும், ஆனால் அது மெல்ல வருவது. தோட்டத்துக் குழாய், கார் கழுவும் இடம், மணல் வரும் போர் லைன் ஆகியவற்றில் பழைய திருகுக் குழாயே இருக்கட்டும். எந்தக் கிராமத்துக் கடையிலும் அதற்கு வாஷர் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

பித்தளையா, பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

ஜாக்குவார், பாரிவேர், ஹிண்ட்வேர், செரா என்று கடையில் முன்வரிசையில் இருப்பவை பெரும்பாலும் பித்தளை உடம்பின்மேல் நிக்கலும் குரோமும் பூசியவை. ஜாக்குவார் குழுமத்தின் எஸ்கோ அதைவிட விலை குறைந்த வரிசை. இப்படிப்பட்ட ஒரு சாதாரண கால் திருப்புக் குழாய் இன்று ஏறக்குறைய 600 ரூபாயிலிருந்து 1,500 வரை போகிறது. நல்ல பித்தளை உடம்பு இருபது வருடம் கிடக்கும். உள்ளே ஸ்பிண்டிலை மட்டும் இரண்டு மூன்று தடவை மாற்றியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

பித்தளை என்று சொல்லித் துத்தநாகக் கலவையை விற்பவர்களும் இருக்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. குழாயைத் திருப்பி, சுவருக்குள் போகும் மரையின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே குரோம் பூச்சு பெரும்பாலும் ஏறியிருக்காது. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, மங்கிய சாம்பல் நிறம் என்றால் துத்தநாகக் கலவை. கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும், ஒரே அளவில் பித்தளைதான் கனக்கும். கைப்பிடி கலவை உலோகமாக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் ஓடும் உடம்பு அப்படி இருக்கக் கூடாது. நாள்பட அரித்து, ஒருநாள் மரையோடு முறிந்து கையில் வரும்.

பித்தளையில் ஒரு கவனம். கடைசல் எளிதாக வர, வழக்கமான பித்தளையில் சிறிது ஈயம் கலப்பார்கள். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரில் அது கொஞ்சம் கரையலாம். குடிக்கவும் சமைக்கவும் பிடிக்கும் குழாயில் காலையில் முதலில் வருவதைப் பாத்திரம் கழுவவோ செடிக்கோ விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிஎம்டி (PTMT) என்று கடைக்காரர் சொல்வது ஒருவகைப் பொறியியல் பிளாஸ்டிக். வாட்டர்டெக் போன்ற கம்பெனிகள் இதில்தான் பேர் வாங்கின. விலை பித்தளையில் நாலில் ஒரு பங்கு, சில மாடல்கள் அதைவிடவும் குறைவு. இதைத் தாழ்வாகப் பார்க்கும் மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது, அது சரியில்லை. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்காற்றும் உப்பு நீரும் சேர்ந்த இடங்களில் மலிவான குரோம் பூச்சு சீக்கிரமே கொப்புளித்து உரியும். பிடிஎம்டியில் அரிப்பதற்கு எதுவும் இல்லை. வாடகைவிடும் வீடு, துணி துவைக்கும் இடம், சர்வீஸ் பால்கனி, கழிவறையில் தாழ்வாக இருக்கும் குழாய் ஆகியவற்றுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் கீசர் லைனில் போடாதீர்கள், குளிர்ந்த நீருக்கு மட்டும்தான். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் நாளடைவில் நொறுங்கும். நிரம்பிய பக்கெட்டைக் குழாயில் மாட்டித் தொங்கவிடும் பழக்கம் இருக்கும் வீட்டுக்கும் ஒத்துவராது.

ஸ்டீல் குழாயில் 304 என்ற ரகமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மேல்பூச்சு இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை, ஈயமும் கிடையாது. சிங்க்குக்கு இது அழகாகவே பொருந்தும். நிக்கல் குறைந்த மலிவு ரகத்தை வெறுமனே ஸ்டீல் என்று சொல்லி விற்கும்போது பில்லில் 304 என்று எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேண்டாம்.

ஒற்றை நெம்புகோலா, இரண்டு கைப்பிடியா?

வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயில்தான் மக்கள் அதிகப் பணம் போட்டு அதிகம் ஏமாறுகிறார்கள். ஒற்றை நெம்புகோல் மிக்சர் வசதியானதுதான். தூக்கினால் தண்ணீர், இடம் வலமாகத் திருப்பினால் சூடு. ஆனால் அதன் கார்ட்ரிட்ஜில் வழிகள் குறுகலானவை. பல மாடல்களுக்கு அரை பாராவது வேண்டும், சிலவற்றுக்கு 1 பார். அட்டைப்பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ குறைந்தபட்ச அழுத்தத்தைப் போட்டிருப்பார்கள். மேலே போட்ட கணக்கை இதனோடு ஒப்பிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 0.35 பார் வீட்டில் பிரஷர் பம்ப் இல்லாமல் நெம்புகோல் மிக்சரைப் போடுவது வீண்செலவு.

சுவரில் மாட்டும் இரண்டு கைப்பிடி மிக்சர் பார்க்கப் பழசாக இருக்கலாம், குறைந்த அழுத்தத்தில் இதுதான் நன்றாக வேலை செய்யும். சுவருக்கு வெளியே இருப்பதால் எந்தப் பாகத்தையும் டைல்ஸை உடைக்காமல் கழற்றலாம். இரண்டு லைனுக்கும் நடுவே வழக்கமான இடைவெளி 150 மில்லிமீட்டர். அதன் கால்கள் சற்று கோணலாகவே செய்யப்பட்டிருப்பதால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கும். நாளைக்கு வேறு கம்பெனி மாடலுக்கு மாறினாலும் பெரும்பாலும் அதே துளைகளில் உட்காரும்.

தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரில் இந்தச் சுதந்திரம் இல்லை. வெளியே தெரியும் தகடும் கைப்பிடியும் உள்ளே புதைத்த அதே கம்பெனி உடம்புக்குத்தான் பொருந்தும். புது வீடு கட்டும்போது, நல்ல அழுத்தம் இருந்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் உங்கள் ஊரில் இருந்தால் போடுங்கள். இருக்கிற பாத்ரூமில் குழாயை மட்டும் மாற்றுவதற்காகச் சுவரை உடைத்து இதைப் போடுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

சமையலறையில் முதலில் அளவு

சிங்க் குழாய் சுவரிலிருந்து வருகிறதா, மேடையிலிருந்து எழும்புகிறதா என்பதை ஏற்கனவே இருக்கும் லைன்தான் முடிவு செய்யும். அதை மாற்றப் போனால் கிரானைட்டில் துளை, டைல்ஸ் வேலை என்று செலவு இழுக்கும். இருக்கிற வகையிலேயே வாங்குங்கள். சுவரிலிருந்து சிங்க்கின் நடுவரைக்கும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குழாயின் மூக்கு அந்த நீளம் இல்லையென்றால் தண்ணீர் சிங்க்கின் விளிம்பில் விழுந்து சுவரெல்லாம் தெறிக்கும். மூக்குக்குக் கீழே உங்கள் வீட்டுப் பெரிய குக்கரும் குடமும் நிற்க வேண்டும். இரண்டு தொட்டி சிங்க் என்றால் திரும்பும் மூக்கு அவசியம்.

சென்னையில் பல சமையலறைகளில் மெட்ரோ லைன் ஒன்று, போர் லைன் ஒன்று என இரண்டு குழாய் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி மாற்ற வேண்டியதில்லை. குடிநீர் வரும் குழாய்க்கு நல்ல பித்தளையோ ஸ்டீலோ. பாத்திரம் கழுவும் போர் லைனுக்கு உப்பைத் தாங்கும் எளிய குழாய். கைப்பிடி வெவ்வேறு வடிவமாக இருந்தால் விருந்தாளிகள்கூட மாற்றித் திறக்க மாட்டார்கள்.

நுரைபோல் தண்ணீர் தரும் ஏரேட்டரை 2024 தண்ணீர்ப் பஞ்சத்தின்போது பெங்களூரில் வணிகக் கட்டடங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். சிங்க்கிலும் வாஷ்பேசினிலும் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுகிறோம், அங்கே அது உண்மையாகவே மிச்சப்படுத்தும். பக்கெட் நிரப்பும் குழாயில் அதனால் பயனில்லை. 15 லிட்டர் பக்கெட்டுக்கு எப்படியும் 15 லிட்டர்தான், நிரம்ப நேரம் மட்டும் கூடும். உப்புத் தண்ணீரில் ஏரேட்டர் வலை சில மாதங்களிலேயே அடைத்துக்கொள்ளும். கழற்றி ராத்திரி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் சரியாகிவிடும். அவசரப்பட்டு டாய்லெட் கழுவும் ஆசிடை எடுக்காதீர்கள், குரோம் போய்விடும்.

மாட்டும்போது

ஒற்றைக் குழாயை வீட்டிலேயே மாற்றலாம். கேட் வால்வை மூடுங்கள், அது உண்மையாகவே மூடுகிறதா என்று பாருங்கள். பல வருடம் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். பழையதைக் கழற்றும்போது முரட்டு பலம் வேண்டாம். சுவருக்குள் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் என்றால், வெளியே பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கும் முறுக்கு உள்ளே வளைவில் இருக்கும் எல்போவில் போய் விழும். அது விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். அசையாத குழாய்க்கு பிளம்பரைக் கூப்பிடுவதே மலிவு.

மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, டெஃப்லானைக் கடிகார முள் திசையில் இறுக்கமாகச் சுற்றுங்கள். சுவர்த் துளையை மறைக்கும் வட்டத் தகடான ஃபிளேஞ்சை முதலில் கோத்துவிட்டுக் கையாலேயே முடிந்தவரை திருகுங்கள். கடைசிச் சுற்றில் குழாய் கோணலாக நின்றால், நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. பின்னோக்கித் திருப்பியதும் டெஃப்லான் தளர்ந்து அங்கேயே கசியும். முழுதாகக் கழற்றி, இன்னும் சில சுற்று டெஃப்லான் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள், நேராக வந்து நிற்கும். ஸ்பேனர் படும் இடத்தில் துணி சுற்றிக்கொண்டால் குரோமில் தழும்பு விழாது. சுவருக்குள் மரை ஆழமாக இருந்தால் டெஃப்லானை மூட்டையாகச் சுற்றி ஒப்பேற்றாமல், மரையை நீட்டித் தரும் சின்னத் துண்டான எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்கிப் போடுங்கள்.

பெரிய கம்பெனிகள் 7 வருடம், 10 வருடம் என்று வாரன்டி தருகின்றன. பில் இல்லையென்றால் அது வெறும் பேச்சு. உப்புக் கறைக்கும் பூச்சு மங்குவதற்கும் அது பொருந்துமா என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றப் பணம் இல்லையென்றால் என் வரிசை இது. முதலில் சிங்க் குழாய், ஒரு நாளைக்கு அதிகத் தடவை கை படுவது அதுதான். அடுத்து ஆங்கிள் காக்குகள், அதாவது அந்தந்த இடத்துக்கு மட்டும் தண்ணீரை மூடும் சின்ன வால்வுகள். சிங்க், வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க் ஒவ்வொன்றுக்கும் கீழே நல்ல ஆங்கிள் காக் இருந்தால் அப்புறம் எந்த ரிப்பேருக்கும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டாம். மூன்றாவது பாத்ரூமில் பக்கெட் குழாய். அகலமான வாயுள்ள, ஏரேட்டர் இல்லாத, கால் திருப்புப் பித்தளை. ஷவரும் மிக்சரும் கடைசியில் வரலாம். அதற்குள் பிரஷர் பம்ப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடித்திருப்பீர்கள்.